வகையறா சங்கம் நடத்துவது எப்படி: ஒரு பொருளாளரின் நோட்டிலிருந்து

பதினோரு வருடமாக எங்கள் வகையறா சங்கத்துக்கு, அதாவது ஒரே வம்சத்துச் சொந்தங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு, நான்தான் பொருளாளர். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை என்று 43 தலைக்கட்டு, அதாவது 43 குடும்பம். புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் போன் போட்டால் முதலில் பேனரையும் வாட்ஸ்அப் குழுவையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் தானாக வரும். முதலில் ஆள் கணக்கு எடுங்கள்.

அதற்கு மொய் நோட்டை விட நல்ல ஆதாரம் கிடையாது. ‘நமக்கு யார் யார் சொந்தம்’ என்று அப்பத்தாவிடம் கேட்டால், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டை விட்டுவிடும். பழைய கல்யாண மொய் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்துப் பாருங்கள். “அவனா, ஓலைக்குடாக்காரன், என் மாமியாளுக்குத் தம்பி முறை” என்று வந்துவிடும். எங்கள் ஆட்கள் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து சிதறியவர்கள். வீட்டோடு நோட்டுகளும் போயின. தங்கச்சிமடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்த 1971-ஆம் வருடக் கல்யாண நோட்டை வைத்துத்தான் ஒன்பது வீடுகளைக் கண்டுபிடித்தோம். அதில் ஐந்து ரூபாய் எழுதியவரின் பேரன் இப்போது தூத்துக்குடியில் வலைக்கடை வைத்திருக்கிறார்.

அடுத்த தகராறு, கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதா என்பது. எங்களுக்கு இது ஸ்காட்லாந்து வழியாகத் தீர்ந்தது. என் அக்கா மகன் அபர்தீனில் வேலை பார்க்கிறான். அங்கே ‘கிளான்’ என்று குலத்துக்குக் குலம் சங்கம் உண்டு. ஹைலேண்ட் கேம்ஸ் என்ற விளையாட்டு விழா நடக்கும் மைதானத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பாட்டி வழிப் பெயர் வரைக்கும் விசாரிப்பார்களாம். மெக்ரெகர் என்ற குலப்பெயரையே 1603-இல் அரசாங்கம் தடை செய்துவிட்டது. தலை தப்பினால் போதும் என்று பலரும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். தடை முழுதாக நீங்கியது 1774-இல். 1822-இல் அவர்கள் சங்கம் தொடங்கினார்கள். வேறு பெயரில் வாழும் வம்சாவளியினருக்கும் அதில் இடம் உண்டு. இதைப் பொதுக்குழுவில் சொன்னதும் ஒரு அத்தாச்சி எழுந்தார். “பேரையே மாத்திக்கிட்டவனை அங்க சேர்த்துக்கிறான், நாம பெத்த பொண்ணை நாம விடுறதா?” அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பதிவு பெரிய வேலை இல்லை. 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே பதியலாம். இருபது பேர் சேர்ந்துவிட்டால் பதிந்தே ஆக வேண்டும். துணை விதிகளை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வருடா வருடம் கணக்கு காட்டுங்கள்.

சந்தா எங்களுக்கு மாதம் நூறு ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். ஆனால் ஒன்றுகூடல் வைக்க அதுதான் சரியான நேரம். விசைப்படகெல்லாம் கரையில், பிள்ளைகளுக்கும் லீவு. அதனால் சாப்பாட்டுச் செலவுக்கு தையிலும் மாசியிலுமே வசூலை முடித்துவிடுகிறோம். மீன் விருந்து வேண்டாம், அந்த மாதம் மீன் விலை கேட்டால் பசி போய்விடும். கிடா வெட்டிவிடுங்கள்.

படிப்பு உதவியை மே கடைசி வாரத்தில் கொடுத்துவிட வேண்டும். பள்ளி திறக்கும்போது படகு இன்னும் கரையில்தான் நிற்கும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் மளிகைக்கடை பாக்கிக்கே சரியாகப் போகும். ஆகஸ்டில் மேடை போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக் கொடுக்கிற பணம் யாருக்கு?

சாவு விழுந்த வீட்டுக்கு உடனே கொடுக்கும் கேதப் பணம்தான் சங்கத்தின் முதுகெலும்பு. இதில் நான் ஒரு முறை அவமானப்பட்டேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி கேதம். வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். செயலாளர் கடலில். மறுநாள் ஞாயிறு. சென்னையிலிருந்து மகன் வரும் வரை உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டிக்கு, அந்த வீட்டார் பத்து வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் நான் வேகமாகத்தான் நடப்பேன்.

அப்புறம் வைத்த ஏற்பாடு இது. இருபதாயிரம் ரூபாய் ரொக்கம் எப்போதும் பாம்பனில் ஒரு மதினி வீட்டில் இருக்கும். அவர் கடல்பாசி எடுக்கப் போகிறவர், சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார். தகவல் வந்ததும் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். ஒருவர் பெட்டி, பந்தல், நாற்காலியைப் பார்த்துக்கொள்வார். மற்றவர் பணத்தை அந்த வீட்டுப் பெண் ஒருவர் கையில் கொடுப்பார். ஆண்கள் கையில் கொடுத்தால் பாதி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் போய் ரசீதில் கையெழுத்து வாங்கினால் போதும்.