பென் பென்சில் தேர்வு: லெட்டில் தொடங்குங்கள்

கடையில் பென் பென்சில் (பொத்தானை அழுத்தினால் லெட் வெளியே வரும் பென்சில்) கேட்டால் நிறம், பிடி, கிளிப் என்று வெளிப்புறத்தைக் காட்டித்தான் எடுத்து வைப்பார்கள். ஆனால் தாளில் ஓடுவது உள்ளே போடும் மெல்லிய கருங்குச்சியான லெட். எழுத்து கருப்பாக விழுவதும், மங்கலாக விழுவதும், நடுவில் படக்கென்று ஒடிவதும் முக்கால்வாசி லெட்டைப் பொறுத்தது. எந்தத் தடிமன், எந்த கிரேடு (எவ்வளவு கருப்பு, எவ்வளவு கடினம்) என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற பென்சிலைத் தேடுவதுதான் சரியான வரிசை.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை 0.5, 0.7 மி.மீ. லெட்டுகள். வரைபவர்களுக்கு 0.3, 0.9 உண்டு. இந்த எண்கள் பெயர் மட்டுமே. 0.5 என்று விற்கும் லெட் அளந்தால் சுமார் 0.56 மி.மீ. இருக்கும்; 0.3 என்பது சுமார் 0.38, 0.7 ஏறக்குறைய 0.7-தான். ஒரே பொருளால் ஆன கம்பியை வளைத்து ஒடிக்கத் தேவையான விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். கணக்குப் போட்டால் 0.7 லெட், 0.5-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும், 0.3 மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். "எனக்கு மட்டும் லெட் ஒடிஞ்சுகிட்டே இருக்கு" என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அழுத்தி எழுதும் கைக்கு மெல்லிய லெட்டை வாங்கியவர்கள்.

உங்கள் கையின் அழுத்தம் தெரிய ஒரு சுலபமான சோதனை. வழக்கமான பால்பாயின்ட் பேனாவால் நோட்டில் ஐந்தாறு வரி எழுதுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்துத் தெரிந்தால் 0.7. லேசாகத் தட்டுப்பட்டால் 0.5. ஒன்றுமே தெரியவில்லை என்றால் 0.3 கூட உங்களுக்குத் தாங்கும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ண, ணை, ஞ, இ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமானவை. கோடு போட்ட நோட்டில் சிறிய கையெழுத்தாக எழுதினால் ‘ண’வின் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடம் கிடைக்கும். தேய்ந்து தட்டையான 0.7 முனை அந்தச் சுழியின் உள்வெளியை அடைத்துவிடும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும். கையெழுத்து பெரிதென்றால் கவலையில்லை. சிறிதென்றால் 0.5-க்கு வாருங்கள், அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பழகுங்கள். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

அடுத்து கிரேடு. எச் என்றால் கடினம், பி என்றால் மென்மையும் கருப்பும், எச்.பி. இரண்டுக்கும் நடுவில்; முன்னால் உள்ள எண் கூடக் கூட அந்தக் குணமும் கூடும். பென்சிலோடு வருவது அநேகமாக எச்.பி. மழமழப்பான நல்ல தாளில் அது போதும். நம் சாதாரண நோட்டுத் தாள் மெலிசு, கொஞ்சம் மெத்தென்றும் இருக்கும். அதில் எச்.பி. வெளிறித் தெரிவதால் கை தானாகவே அழுத்த ஆரம்பிக்கிறது, லெட் ஒடிகிறது. இதற்கு மருந்து பி அல்லது 2பி லெட். 0.3-இல் எழுதினால் கட்டாயம் பி-க்கு மேல் போங்கள். கோடு மெலிதாக இருப்பதாலேயே கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். மாறாக 0.7-இல் 2பி போட்டால் நன்றாகக் கருக்கும், ஆனால் உள்ளங்கை ஓரம் பட்ட இடமெல்லாம் தீற்றும். எச், 2எச் லெட்டுகள் அளவுக் கோடு, படத்துக்கு முதலில் லேசாகப் போடும் துணைக் கோடு போடுபவர்களுக்கானவை. மெல்லிய நோட்டுத் தாளில் 0.3-இல் 2எச் போட்டு எழுதினால் தாள் கீறிக்கொள்ளும்.

மரப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. அதை அரை மில்லிமீட்டருக்கு இழைத்தால் நிற்காது. 1960-இல் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் களிமண்ணுக்குப் பதில் பாலிமரைச் சேர்த்துச் சுட்ட லெட்டைக் கொண்டுவந்த பிறகுதான் இவ்வளவு மெல்லிய லெட்டுகள் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தன. தயாரிப்பு முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ஒருவரின் 2பி இன்னொருவரின் பி அளவுக்குத்தான் கருக்கும். ஒரு பிராண்ட் பிடித்துவிட்டால் அதையே தொடருங்கள். யூனி நானோ டயா, பென்டெல் ஐன், பைலட் நியோக்ஸ் மூன்றும் நம்பகமானவை. பெயரில்லாத மலிவு லெட்டைப் போட்டுவிட்டு நல்ல பென்சிலைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி முனைக்கு வருவோம். லெட் வெளியே வரும் அந்தச் சின்ன உலோகக் குழல்தான் பென்சிலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறீர்கள் என்றால் சுமார் 4 மி.மீ. நீளமுள்ள, நேரான, அசையாத குழல் வேண்டும். ஸ்கேலின் விளிம்பில் குழல்தான் உரச வேண்டும். லெட் உரசினால் ஒடியும், விளிம்பும் கருக்கும். பென்டெல் பி205, ரோட்ரிங் 600, ஸ்டெட்லர் 925 வகைகள் இப்படிப்பட்டவை. எழுத மட்டும் என்றால் குட்டையான கூம்பு முனை போதும், அது எளிதில் வளையாது.

நீளக் குழலின் பலவீனம், அதைச் சட்டைப் பையில் வைக்க முடியாது. துணியைக் குத்தும், கீழே விழுந்தால் வளையும். ரோட்ரிங் 600 போல முழு உலோகப் பென்சில் மேசையிலிருந்து முனை கீழாக ஒருமுறை விழுந்தாலே போதும், குழல் கோணிக்கொள்ளும். கோணிய குழலைக் குறட்டால் நிமிர்த்தினாலும் உள்துளை நசுங்கியே இருக்கும். லெட் உள்ளேயே ஒடிந்துகொண்டிருக்கும். முனைக் கூம்பை மாற்றுவதுதான் வழி. பையில் போட்டுக்கொண்டு அலைபவர்கள் முனையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையை எடுங்கள். பென்டெல் கிராஃப்கியர் 1000-இல் கிளிப்பை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். ரோட்ரிங் 800-இல் திருக வேண்டும். இந்த வகைகளில் முனையில் மெல்லிய ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எழுதும்போது தெரியாது, நுணுக்கமாக வரைபவர் கைக்குத் தெரியும்.

எடையில் இரு துருவங்கள்: பி205 சுமார் 9 கிராம், ரோட்ரிங் 600 சுமார் 23 கிராம். பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு லேசானது நல்லது, விரல் சோராது. வரைபவருக்கு முன்பக்கம் கனமான பென்சில் உதவும். அதன் எடையே கோட்டை இழுத்துவிடும், கை அழுத்த வேண்டியதில்லை. வியர்க்கும் கைக்கு அரம்போல வெட்டிய உலோகப் பிடி வழுக்காது. ரப்பர் பிடி முதலில் சுகமாக இருக்கும். நம் ஊர் வெக்கையில் சில வருடங்களில் பிசுபிசுத்துப் போவதும் உண்டு.

லெட்டைத் தானாகச் சுழற்றும் யூனி குரு டோகாவை (2008-இல் வந்தது) பலரும் கேட்கிறார்கள். முனை தாளில் பட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பல்சக்கரம் லெட்டைக் கொஞ்சம் திருப்புகிறது. சாதாரண மாடலில் 40 முறை எடுத்து வைத்தால் ஒரு சுற்று. அதனால் முனை ஒரு பக்கமாகச் சரிந்து தேயாமல் கூராகவே இருக்கும். இதன் பலன் நீங்கள் எவ்வளவு அடிக்கடி பென்சிலைத் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய எழுத்தில் கோட்டுக்குக் கோடு தூக்க வேண்டும். ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரு சொல் முழுக்கத் தூக்கவே மாட்டோம். தமிழ் இடையில் நிற்கிறது: எழுத்து, புள்ளி, கால், கொம்பு என்று ஒவ்வொன்றுக்கும் தூக்குகிறோம், ‘அம்மா’ எழுதவே நாலைந்து முறை ஆகிவிடும். ஆகவே தமிழ் எழுத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். சிக்குக் கோலம் வரையும்போது கோடு அறுபடாமல் ஓடுவதால் சக்கரம் சுற்றாது. அங்கே இடையிடையே நீங்களே பென்சிலை விரலில் உருட்டிக்கொள்ள வேண்டும். முனை இம்மியளவு அமுங்கி எழும்புவதும் வரைபவர்களில் சிலருக்குப் பிடிப்பதில்லை. வாங்குமுன் எழுதிப் பாருங்கள்.

ஒடிவதுதான் உங்கள் பெரிய தொல்லை என்றால் 2014-இல் வந்த இரண்டு பென்சில்கள் உண்டு. ஜீப்ரா டெல்கார்டில் அழுத்தம் மிகும்போது லெட்டோ குழலோ ஸ்பிரிங்கில் நகர்ந்து தப்பிக்கும். பென்டெல் ஓரென்ஸில் லெட்டைக் குழலுக்கு வெளியே நீட்டாமலே எழுதலாம்; லெட் தேயத் தேயக் குழலும் பின்வாங்கும். 0.2 மி.மீ. லெட்டை அன்றாடம் எழுதத் தகுந்ததாக்கியது இந்த ஏற்பாடுதான். குழலின் விளிம்பு தாளில் லேசாக உரசும், அந்த உணர்வு எல்லோருக்கும் ஒத்துவராது.

நிழல் தீட்டப் பென் பென்சிலை நம்பாதீர்கள். 0.5-இல் 4பி லெட் கிடைக்கிறது, ஆனால் முகப்படத்தில் ஒரு கன்னத்தை நிரப்பவே நேரமாகும், கோடு கோடாகத் தெரியும். அதற்கு 0.9 அல்லது 2 மி.மீ. தடித்த லெட் போடும் கிளட்ச் பென்சில் தனியாக இருக்கட்டும். ஒரே பென்சில்தான் வாங்குவேன் என்பவருக்கு எங்கள் பரிந்துரை: 0.5, பி லெட், 4 மி.மீ. குழல், 10 கிராமை ஒட்டிய எடை. பி205 இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும்.

<b>கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை</b>

1. பத்து முறை அழுத்துங்கள். வெளியே வந்த லெட் 5 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் தேவைக்கு மேல் நீளும். ஒருமுறை நிறைய, ஒருமுறை கொஞ்சம் என்று வந்தால் வாங்காதீர்கள்.

2. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி லெட்டை உள்ளே தள்ளுங்கள். தடையில்லாமல் போக வேண்டும்.

3. லெட்டை அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டி, தாளில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். உள்ளே நழுவினால் லெட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் சரியில்லை.

4. முனையை நகத்தால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசையாத குழல் உள்ள பென்சிலில் ஆட்டம் இருக்கக் கூடாது.

5. கடைக்காரர் அனுமதித்தால் முனைக் கூம்பைத் திருகிக் கழற்றி, உள்ளே லெட்டைக் கவ்வும் கிளட்ச் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பித்தளை நெடுநாள் உழைக்கும். அதன் மேல் சின்ன வளையம் ஒன்று இருக்கும்; அது உருண்டு தொலைந்தால் கிளட்ச் கவ்வாது.

<b>வாங்கிய பிறகு</b>

லெட் 60 மி.மீ. நீளம். டப்பாவில் 12 இருந்தாலும் பென்சிலுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். நிறையப் போட்டால் குழாய்க்குள் ஒன்றையொன்று நெருக்கி, கீழே விழும்போது எல்லாம் சேர்ந்து ஒடியும். அந்தத் துண்டுகள்தான் பிறகு அடைத்துக்கொள்பவை. எழுதும்போது லெட் வெளியே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தால் போதும். நீட்டம் இரட்டித்தால் பாதி விசையிலேயே ஒடியும்.

கடைசி 10 அல்லது 12 மி.மீ. துண்டு தானே சுழன்று, உள்ளே போய் வெளியே வருவது கோளாறு அல்ல. கிளட்ச் முனையிலிருந்து அவ்வளவு தூரம் பின்னால் இருப்பதால், துண்டைப் பிடித்திருப்பது முனைக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மட்டுமே. இழுத்து எறிந்துவிட்டு அடுத்த லெட்டை வரவிடுங்கள்.

அழுத்தினாலும் லெட் வரவில்லை என்றால் முதலில் முனைக் கூம்பை இறுக்கிப் பாருங்கள். எழுதும்போது விரல் சுழற்றிச் சுழற்றி அது தளர்ந்திருக்கும். பாதிக் கோளாறு இதுதான். இறுக்கமாகவே இருந்தால் லெட் தீர்ந்ததா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அடைப்பு. கூம்பைக் கழற்றி, பொத்தானை அழுத்தியபடி பென்சிலைத் தட்டி, உடைந்த துண்டுகளைக் கொட்டுங்கள். குழலில் சிக்கிய துண்டை, பி205 போன்ற பென்சில்களில் பின்னாலுள்ள அழி ரப்பரின் அடியில் வரும் மெல்லிய கம்பியால் முனையிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். கம்பி இல்லையென்றால் அதே தடிமனுள்ள புது லெட்டாலேயே மெதுவாகத் தள்ளலாம். குண்டூசி வேண்டாம், குழலின் வாயை விரித்துவிடும்.

எழுதும்போது முழு லெட்டே உள்ளே நழுவினால் கிளட்சின் தாடைகளில் கிராஃபைட் தூள் படிந்திருக்கும். கூம்பைக் கழற்றி, பொத்தானை அழுத்தித் தாடைகளை விரித்து, ஊதி, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். எண்ணெய் போடக் கூடாது. பிறகும் நழுவினால் முதலில் லெட் அளவைச் சரிபாருங்கள், 0.7 பென்சிலில் 0.5 லெட் போட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். அளவு சரியாக இருந்தும் நழுவினால் தாடை விரிசல் விட்டிருக்கும், பென்சிலை மாற்றுவதே மிச்சம்.

பின்னாலுள்ள சின்ன ரப்பரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்து அதைப் பிடித்திருக்கும் உறையளவுக்கு இறங்கினால் லெட் போடக் கழற்றுவதே கஷ்டம். அதன் துகள் குழாய்க்குள் விழுந்து கிளட்சில் ஒட்டும். தனி ரப்பர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். எச்.பி.யையும் 2பி-யையும் ஒரே பென்சிலுக்குள் கலந்து போடாதீர்கள். ஒரு வரியின் நடுவிலேயே எழுத்தின் நிறம் மாறும், எது எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது.