உன் படலை எது என்று கேட்காதீர்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடை. பிள்ளைகள் அசைன்மென்டைப் போனிலிருந்து கடைக் கணினிக்கு வைபை வழியே அனுப்ப ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தேன். அனுப்ப வேண்டிய ஐ.பி. முகவரியை, அதாவது வலையில் கடைக் கணினிக்குரிய எண்ணை, பைத்தன் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) திரையில் காட்டும். காட்டியது: 127.0.1.1. ஒரு போனாலும் போய்ச் சேர முடியவில்லை.

பிழை என்னுடையதுதான். கணினியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தேடச் சொல்லியிருந்தேன். கடைக் கணினியின் இயங்குதளமான உபுண்டுவோ நிறுவும்போதே, பெயர்களுக்குரிய முகவரிகளைக் குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று எழுதி வைத்துவிடும். 127இல் தொடங்குவதெல்லாம் கணினி தன்னோடு தானே பேசும் முகவரி. படலையை, அதாவது வளவின் வாசல் கதவை, தாண்டாது.

பிறகு, கணினியின் வலை முகவரிகளைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை தரும் வரிகளை வெட்டி எடுத்துப் பார்த்தேன். என் மடிக்கணினியில் சரி. கடையில் அந்தக் கட்டளையே இல்லை. உபுண்டு 18.04இலிருந்து அது கூடவே வருவதில்லை. இருந்தாலும் நம்பக்கூடாது, வரியின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரு கணினிக்குப் பல முகவரிகள் இருக்கலாம்; எல்லாவற்றையும் வாங்கி முதலாவதை எடுப்பதும் அதே கதை. வரிசைக்கு உத்தரவாதமில்லை, டொக்கர் என்ற மென்பொருள் கணினிக்குள்ளேயே தனக்கென வைத்திருக்கும் 172.17.0.1 வந்து நிற்கலாம்.

முன்பக்கம் ஒரு படலை, ஒழுங்கைப் பக்கம் இன்னொன்று உள்ள வீட்டில், எங்கே போகிறோம் என்று சொன்னால்தான் எந்தப் படலை என்று சொல்லலாம். கணினியிடமும் அப்படியே கேளுங்கள். யூடிபி சொக்கெட் ஒன்றைத் (நிரல் வலையில் பேசுவதற்கான ஒரு முனை) திறந்து, கூகுளின் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு இணைக்கச் சொல்லி, அந்தச் சொக்கெட்டின் சொந்த முகவரியை வாங்குங்கள். பயப்பட வேண்டாம், ஒரு தரவுப் பொட்டலமும் வெளியே போகாது. எங்கே போக எந்த வழி என்று குறித்து வைத்திருக்கும் தன் வழித்தட அட்டவணையைக் கணினி பார்த்துப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். இணைய லைன் அறுந்திருந்தாலும் ரவுட்டர் உயிரோடிருந்தால் பதில் வரும்.

வெளித் தளமொன்றிடம் ‘என் முகவரி என்ன’ என்று கேட்பது இதற்கு உதவாது. அது ரவுட்டருக்கு அப்பாலுள்ள முகவரி.

இன்னொன்று, கணினி தொடங்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விடாதீர்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழும்பும் முன்பே கணினி எழும்பிவிடும், ஸ்கிரிப்ட் பிழை காட்டி விழும். ரவுட்டர் வேறு முகவரி கொடுக்கவும் கூடும். நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்கட்டும்.

ரவுட்டரிலேயே அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கியிருந்தால் இவ்வளவு பாடும் இல்லை. ஆனால் கடைக்கார அண்ணைக்கு ரவுட்டரின் கடவுச்சொல் மறந்துபோய்ப் பல காலம்.