செப்பாங் பந்தயத் தடத்தில் வேலை பார்க்க ஆசையா? இத்தாலிய மொழியையும் எட்டிப் பாருங்கள்

கோலாலம்பூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளம். பந்தயத் துறையில் நுழைய அதுவே பாதி தகுதி. ரேஸ் கண்ட்ரோல் (பந்தயக் கட்டுப்பாட்டு அறை) அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வரும்; தடத்தோரம் நின்று பாதுகாப்பைக் கவனிக்கும் உள்ளூர் மார்ஷல்களோடு மலாயில்தான் வேலை ஓடும்.

ஃபார்முலா 1 கார் பந்தயம் செப்பாங்கை விட்டு 2017-லேயே போய்விட்டது. ஆனால் மோட்டோ ஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயம் இருக்கிறதே! அதில் பைக் இறக்கும் டுகாட்டி இத்தாலிய நிறுவனம். ஓட்டுநர்களில் ஸ்பானியர்களும் இத்தாலியர்களும் ஏராளம். ஆங்கிலம் அவர்களுக்கும் தெரியும்தான். ஆனாலும் பிற்பகலில் திடீரென மழை கொட்டி, டயர் மாற்ற ஓடுகிற அவசரத்தில் மெக்கானிக்குகள் தங்களுக்குள் தாய்மொழியில்தான் கத்திக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு அது புரிந்தால் உங்கள் மவுசே தனி.

எனவே இலக்கணத்தில் மூழ்காதீர்கள் (அது எப்படியும் பாதியில் நின்றுவிடும்). எண்கள், இடம் வலம், மழை, டயர், பிரேக், நில், போ, இவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். ஓட்டுநர் பேட்டிகளைக் காதால் கேட்டுப் பழகுங்கள். 2016 ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் நிக்கோ ரோஸ்பெர்க் ஐந்து மொழி பேசுவார். நமக்கு இன்னும் இரண்டுதானே பாக்கி!

இன்னொன்று: ரேடியோவில் வண்டி எண்ணைச் சொல்லும்போது எந்த மொழியானாலும் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். 93 என்றால் ஒன்பது, மூன்று.