பக்கவாதத்தில் விழுந்த கை: தோளைக் காப்பதும் கையைப் பழக்குவதும்

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் எல்லோர் கண்ணும் அவர் காலின் மீதே இருக்கும். எப்போது நடப்பார் என்பதுதான் முதல் கேள்வி. கவனிக்க ஆளில்லாமல் கை தொங்கிக் கிடக்கும் அந்தச் சில வாரங்களில்தான் தோள்வலி தொடங்குகிறது. வலி வந்துவிட்டால் கையைத் தொடவே விடமாட்டார், பயிற்சியும் நின்றுபோகும். அதனால் தோளைக் காப்பது முதல் வேலை. கையைப் பழக்குவது அதற்குப் பிறகுதான்.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையை அந்தக் குழியில் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் சுற்றியிருக்கும் தசைகளே. அவை தளர்ந்ததும் கையின் எடையே எலும்பைக் கீழே இழுக்கிறது. தோள் நுனிக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் காயப்படும். வீட்டில் உள்ளவர்கள் பாசத்தோடு செய்யும் தவறு இது. வருகிற உறவினர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக்கைப் பூட்டி, கால் தாங்கியை விலக்குங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு கால் விரலுக்கு நேரே வரும்வரை அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தால்தான் இடுப்பு தானாக எழும். நீங்கள் பிடிக்க வேண்டியது அவர் இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டை. அவர் கைகள் உங்கள் கழுத்தைச் சுற்றிக் கோக்கவும் வேண்டாம்.

மல்லாந்து படுக்கும்போது தோள்பட்டை எலும்புக்கு அடியிலிருந்து விரல் நுனிவரை தலையணை தாங்கட்டும். நல்ல பக்கம் ஒருக்களித்தால் நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை போட்டு அதன்மேல் கையை நீட்டி வையுங்கள். விழுந்த பக்கமாகவும் படுக்கலாம், ஆனால் தோளை முன்னால் எடுத்துவிட்டபின்தான். உடம்பின் எடை தோள்மேல் நேராக ஏறக்கூடாது. உட்காரும்போது மடியில் ஒரு தலையணையோ, முன்னால் ஒரு மேசையோ கையைத் தாங்கட்டும். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் துணித் தூளி நிற்கவும் நடக்கவும் மட்டும். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் முழங்கை மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் திறக்கும் சட்டையும் நைட்டியும் வசதி.

கையை நீங்கள் அசைத்துக் கொடுக்கும்போது ஒரு கை அவர் தோள்பட்டை எலும்பைத் தாங்கட்டும், மறு கை முழங்கையைத் தாங்கட்டும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி, தோள் உயரம்வரை மெல்ல உயர்த்தினால் போதும். அதற்கு மேலே எடுப்பதைச் சிகிச்சையாளர் காட்டித் தந்தபின் செய்யுங்கள். வாசல் நிலையில் கயிறு கட்டி இழுக்கும் கப்பிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். 1990இல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டில், கப்பியில் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதத்தினருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கே வந்தது. நல்ல கை இழுக்கும் வேகத்துக்கு விழுந்த தோள் எலும்பு சுழன்று கொடுப்பதில்லை, நடுவில் உள்ள தசைநார் நசுங்குகிறது. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கலாம், அதனால் மட்டும் கை வராது. முரட்டு நீவல் கெடுதல்.

புறங்கை வீங்கி, சூடாகி, நிறம் மாறி, விரலை மடக்கினாலே அலறினால் அது வெறும் நீர் கோத்த வீக்கம் இல்லை. தோளும் கையும் சேர்ந்து பாதிக்கப்படும் வலி நோயாக இருக்கலாம். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனிப் பழக்கம். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியவருக்கு அதனால் பயனில்லை, அவருக்குத் தேவை விரலை விரிப்பது. மேசைமேல் துண்டை விரித்து உள்ளங்கையால் முன்னே தள்ளித் திரும்ப இழுப்பது, காலி டம்ளரைப் பிடித்து ஒரு சாண் தள்ளி வைத்து விடுவது, புளியங்கொட்டையைக் கிண்ணத்துக்கு மாற்றுவது என்று நிஜ வேலையாகக் கொடுங்கள். டம்ளரைப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம், அங்கே அவசரப்படுத்தாதீர்கள். உடம்பை முன்னால் சாய்த்து எட்டிப் பிடித்தால் கை வேலை செய்யவில்லை, முதுகுதான் செய்கிறது. டம்ளரைக் கிட்டத்தில் வைத்து மறுபடி தொடங்குங்கள்.

எத்தனை முறை? 2009இல் சிகிச்சை அறைகளில் எண்ணிப் பார்த்தபோது, கைக்கான பயன்பாட்டு அசைவுகள் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே இருந்தன. அது குறைவு. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடும் என்று 2016 சோதனையில் நிரூபணமாகவில்லை. முதல் நாட்களில் அவசரம் தீங்கு என்பதையும் 2,104 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வு காட்டியது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி நிறைய நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்த குழுவில், 3 மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் குறைவு. அதே தரவை மேலும் பிரித்துப் பார்த்தபோது, குறுகிய நேரம் அடிக்கடி செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். எனவே பத்து பதினைந்து நிமிடமாகப் பிரித்து, சோர்வதற்கு முன் நிறுத்துங்கள்.

மணிக்கட்டும் விரலும் தாமாகச் சற்றேனும் விரிகிறவருக்கு, விழுந்த கையே வேலை செய்யட்டும் என்று நல்ல கைக்கு உறைமாட்டும் முறை உண்டு. 222 பேரைக் கொண்ட எக்சைட் ஆய்வில் (2006) விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை மாட்டி 2 வாரம் பயிற்சி தந்தார்கள், பலன் தெரிந்தது. விரல் அசையவே அசையாதவருக்கு இது வெறும் தண்டனை. தள்ளாடுகிறவர் நடக்கும்போது உறையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

கை வரவேண்டும் என்று ஃபுளூக்சிடின் என்ற மன அழுத்த மாத்திரையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 3,127 பேரிடம் நடந்த ஃபோக்கஸ் ஆய்வில் அது செயல்திறனைக் கூட்டவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மன அழுத்தத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் அது வேறு, நீங்களாக நிறுத்தக்கூடாது.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017) குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே சிகிச்சை தரச் செய்து பார்த்தது. 6 மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து, அந்தப் பயிற்சி பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் 47 சதவீதம். வீட்டார் செய்வது வீண் என்று இதற்குப் பொருளில்லை. சிகிச்சையாளர் செய்ய வேண்டியதை வீட்டார் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது என்பதே பொருள். ஆகவே பிசியோதெரபிஸ்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தோள் இறங்கியிருக்கிறதா, எவ்வளவு உயரம்வரை தூக்கலாம், இந்த வாரம் கைக்கு எந்த வேலை. அவர் செய்துகாட்டுவதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது நீங்கள் செய்வதை அவர் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.