மோட்டார் ஹோஸும் மின்னோட்டத் தாளும்: கால்குலேட்டரில் ஒரு பிளாஸ்மா கணக்கு

இலவம்பாடிப் பக்கம் முள்ளுக்கத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்குத் தெரியும்: மோட்டார் போட்டதும், பிடிக்க ஆளில்லாத ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளும். இன்றைய கணக்கு, விண்வெளிப் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான வாயு) உள்ள ஒரு மின்னோட்டத் தாள் எப்போது நிலைகுலையும் என்பது; அதில் பாதி அந்தத் துள்ளல்தான். பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படம்

மேலே வலப்பக்கம் போகும் காந்தக் கோடுகள், கீழே இடப்பக்கம் போகும் கோடுகள். நடுவே மெல்லிய அடுக்கில் மின்சாரம் ஓடுகிறது; அதுதான் மின்னோட்டத் தாள். பூமியின் இரவுப் பக்கம் நீளும் காந்த வாலில் இப்படி ஒன்று உண்டு. நடுவை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் சுழியை நோக்கிக் குறையும். 1962-இல் ஹாரிஸ் என்ற இயற்பியலாளர் கொடுத்த மாதிரி இது.

படி 2: அழுத்தம் இரண்டு

டயரில் காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால். விண்வெளிப் பிளாஸ்மாவில் மோதல் அரிது. ஆகவே கோட்டின் வழியே ஓர் அழுத்தம், குறுக்கே வேறோர் அழுத்தம். முன்னதை நீளழுத்தம், பின்னதைக் குறுக்கழுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: கணக்கு

இங்கே அவசரப்படாதீர்கள். காந்தப்புலம் B நானோடெஸ்லா என்றால், காந்த அழுத்தம் ஏறக்குறைய 0.4 × B × B பிக்கோபாஸ்கல். தாளுக்கு வெளியே B = 20 என்று எடுத்தால் 160. குறுக்கழுத்தமும் காந்த அழுத்தமும் சேர்ந்த தொகை தாளில் எங்கும் இதே 160தான்.

நீளழுத்தம், குறுக்கழுத்தத்தைவிடக் காந்த அழுத்தத்தின் இருமடங்குக்கு மேல் கூடினால், கோட்டின் இழுவிசை தீர்ந்து ஹோஸ் துள்ளும். இதன் பெயரே ஃபயர்ஹோஸ்.

B = 15 உள்ள இடம்: காந்த அழுத்தம் 90, குறுக்கழுத்தம் 70. துள்ள வேண்டுமானால் நீளழுத்தம் 70 + 180 = 250-ஐத் தாண்டவேண்டும். நீளழுத்தத்துக்கும் குறுக்கழுத்தத்துக்கும் விகிதம் 3.6. லேசில் நடக்காது.

B = 5 உள்ள இடம்: காந்த அழுத்தம் 10, குறுக்கழுத்தம் 150. நீளழுத்தம் 170-ஐத் தாண்டினாலே போதும். விகிதம் வெறும் 1.13! வெளியே கண்டுகொள்ளவே வேண்டாத வித்தியாசம், நடுவில் தாளையே ஆட்டிவிடுகிறது.

படி 4: எதிர்ப்பக்கம்

நீளழுத்தத்தைவிடக் குறுக்கழுத்தம் கூடினால், காந்தக் கோடுகள் அங்கங்கே வீங்கிச் சுருங்கும் மிரர் நிலையின்மை. அதே B = 5-இல் குறுக்கழுத்தத்தைக் காந்த அழுத்தத்தால் வகுத்தால் 15. ஆக 15-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 7 சதவீதம் மிஞ்சினாலே தொடங்கிவிடும்.

படி 5: கிழிசல்

தாள் துண்டாகி, கோடுகள் மூடிய வளையங்களான காந்தத் தீவுகளாவதை டேரிங் (tearing) என்பார்கள். அழுத்தம் சமமாக இருந்தாலும் இது வரும். தாளில் எழும் கலக்கத்தின் அலைநீளம் தாளின் அரைத்தடிமனைப்போல் 6.3 மடங்குக்கு மேல் இருக்கவேண்டும், அவ்வளவே. குறுக்கழுத்தம் மிஞ்சினால் கிழிசல் வேகமாக வளரும். நீளழுத்தம் மிஞ்சினால் அடங்கும். நீளழுத்தம் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள்; ஒரே ஆள்தான், கிழிசலை அடக்கிவிட்டு ஹோஸைத் துள்ளவிடுகிறான்.

படி 6: நீங்களே

B = 10, B = 2 இரண்டுக்கும் ஃபயர்ஹோஸ் விகிதம் போட்டுப் பாருங்கள். 1.67, 1.02 வரவேண்டும். வராவிட்டால், B-ஐ இருமுறை பெருக்க மறந்திருப்பீர்கள்.