அரசு மருத்துவமனைக் கழிவு: மேசையில் நடக்கும் தவறுகள்

காலை பத்து மணி. ஓபி ஊசி அறையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. சிஸ்டர் ஊசி போட்டு முடித்ததும், பழைய பழக்கத்தில் மூடியைத் திருப்பி மாட்டி ட்ரேயில் போடுகிறார். ஊசி வெட்டும் கருவி இல்லாமல் இல்லை. பிளக் பாயின்ட் எதிர்ச் சுவரில் இருப்பதால் கருவியும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்?

ஆய்வுக்கு வருபவர் 'ஊசிக்கு மூடி போட்டது செவிலியர் தவறு' என்று எழுதிவிட்டுப் போவார். என்னைக் கேட்டால், கையால் அழுத்தி வெட்டும் சின்னக் கருவியை வாங்கி ட்ரே பக்கத்தில் வைக்காத அலுவலகத்தின் தவறு அது. மருத்துவக் கழிவில் பெரும்பாலான கோளாறுகள் இப்படித்தான். அலுவலக மேசையில் பிறந்து வார்டில் வந்து விழுகின்றன.

மூடி மாட்டும்போது ஊசி கையில் குத்திவிட்டால் அதை மறைப்பது அடுத்த தவறு. திட்டு விழுமோ என்று பயந்து கையைக் கழுவிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றில் முப்பது வரை போகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ராத்திரி டூட்டியில் குத்தினால் யாரிடம் போவது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

சரி, கழிவுத் தொட்டிகளின் நிறங்களுக்கு வருவோம். 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகங்கள், காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள். ட்ரிப்ஸ் பாட்டில், டியூப், யூரின் பை, கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்பு. ஊசியும் பிளேடும் குத்த முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். சிவப்பில் போவதை நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பலாம். மஞ்சள் எரிப்பானுக்குப் போகிறது. யூரின் பை மஞ்சளில் விழுந்தால் அதிலுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்து டையாக்சின் என்ற நச்சு கிளம்பும் அபாயம் உண்டு. இந்தக் காரணத்தை ஒரு தடவை சொல்லிப் புரியவைத்தால் போதும், சார்ட் பார்க்காமலே சரியாகப் போடுவார்கள்.

நீலத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. வீட்டில் நகராட்சி சொல்லித்தந்த நீலம் உலர் குப்பைக்கு. அதே பழக்கத்தில் நோயாளியோடு வந்தவர் பிஸ்கட் கவரை வார்டு நீலத் தொட்டியில் போடுகிறார், சாம்பார் பாக்கெட்டை மஞ்சளில் போடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மருத்துவத் தொட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதுதான் பிசகு. அதை ட்ரெஸ்ஸிங் ட்ராலி பக்கம் தள்ளுங்கள். சாப்பாட்டுக் குப்பைக்கு வராந்தாவில் தனித் தொட்டி வையுங்கள். மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி பதினைந்தை இதோடு கலந்துவிட்டால் மொத்தத்தையும் தொற்றுக் கழிவாகத்தான் கையாள வேண்டும்.

அப்புறம் மருந்து. காலாவதி மருந்தைக் கழிவுப் பிரச்சினையாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அது வார்டுக்கு மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தில்தான் தொடங்குகிறது. 'அடுத்த மாதம் வருமோ வராதோ' என்று வார்டில் இரண்டு மடங்கு எழுதிக் கேட்கிறார்கள். வந்த புதுப் பெட்டியை அலமாரியில் முன்னால் வைக்கிறார்கள், பழையது பின்னால் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது மஞ்சள் பை நிரம்புகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையைக் காட்டும் பாஸ்புக் முறையில் மருந்து வழங்குகிறது. அந்தக் கணக்கு ஸ்டோர் வாசல் வரை ஒழுங்காக வரும். வார்டு அலமாரிக்குள் எட்டிப் பார்ப்பது உள்ளூர் வேலை. மாதம் ஒருமுறை மருந்தாளுநர் போய், மூன்று மாதத்தில் காலாவதியாகப் போவதை எடுத்து, அது அதிகம் செலவாகும் வார்டுக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கழிவின் எடைப் பதிவேட்டைப் புரட்டினால் சிரிப்புதான் வரும். தினமும் மஞ்சள் 12 கிலோ, சிவப்பு 8 கிலோ, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. படுக்கையெல்லாம் நிரம்பிய டெங்கு வாரத்திலும் அதே 12. தராசு பழுதாகி எத்தனை மாதமோ! இந்த எண்களைக் கூட்டித்தான் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை போகிறது. பை குறைந்தாலும் காணாமல் போனாலும் கண்டுபிடிக்க இந்த ஏட்டை விட்டால் வேறு வழியில்லை. பையில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கரும் அப்படியே: எடை போட்டு, வார்டிலேயே ஒட்ட வேண்டியதை, கழிவை ஏற்றிப்போக வரும் வண்டிக்காரர் கையில் ரோலாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. பை கைமாறும் இடத்தில் கண் வைக்காவிட்டால் அது எந்த ஊர் வயலில் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

தூய்மைப் பணியாளர்களுக்கு வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சி தரச் சொல்கிறது விதி. நடைமுறையில் ஜனவரியில் ஒரு பயிற்சி, குரூப் போட்டோ, அதோடு சரி. ஒப்பந்த ஆட்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். மார்ச்சில் வந்தவருக்கு யார் சொல்லித்தருவது? ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. ஆள் மாறும்போது பாதியில் நின்றுவிடும். தவணை அட்டையை ஒப்பந்தக்காரரின் கோப்பில் வைக்காமல் பணியாளர் கையிலேயே கொடுத்தால், அடுத்த இடத்திலாவது முடித்துக்கொள்வார்.

கடைசியாக விடுமுறை. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொங்கலுக்குத் தொடர்ந்து மூன்று நாள் அலுவலகம் மூடியிருக்கும், பிரசவ வார்டு மூடியிருக்காது. வண்டி வரும், ஆனால் கழிவு அறைச் சாவி கிளார்க் மேசை டிராயரில் கிடக்கும், கிளார்க் சொந்த ஊரில் இருப்பார். முந்தின வாரமே வண்டி நேரத்தைப் போனில் உறுதி செய்து, இன்னொரு சாவியைக் கேஷுவாலிட்டி டூட்டி நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.