டிஎம்ஏ: எந்தக் கார்டை எவ்வளவு நம்புவது

என் பொறுப்பில் இருந்த ஒரு சர்வரில் மூன்று வாரமாக ஃபைல் சிஸ்டம் செக்சம் பிழை, அதாவது ஃபைலின் உள்ளடக்கம் கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை, வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு ஃபைல், நாலு நாள் கழித்து சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபைல். முதலில் ரேமைத்தான் சந்தேகப்பட்டேன். ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. டிஸ்க்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) பூட் ஆகும்போது தரும் வரியைத் திறந்து பார்த்தால் அதில் ‘ஐஓஎம்எம்யூ=பிடி’ என்று இருந்தது. கார்டுகள் மெமரியைத் தொடுவதற்கு இருக்கும் காவலை எடுத்துவிடும் அமைப்பு அது, விவரம் கீழே. போட்டது வேறு யாருமில்லை, நான்தான். வேகத்துக்கு நல்லது என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரு வருஷம் முன்னால் எல்லா மெஷினிலும் போட்டிருந்தேன்.

அதை எடுத்துவிட்டு, காவலைக் கடுமையாக்கும் ‘ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1’ போட்டு ரீபூட் செய்தேன். மறுநாள் மதியம் கெர்னல் லாகில் ஒரு வரி விழுந்தது: 03:00.0 என்ற டிவைஸ் அனுமதியில்லாத முகவரியில் எழுதப் பார்த்திருக்கிறது. 03:00.0 என்றால் நெட்வொர்க் கார்டு. கார்டுக்கு எழுதக் கொடுத்திருந்த மெமரி இடத்தை, அதாவது பஃபரை, டிரைவர் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் கார்டு பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த இடத்தில் ஏதாவது ஒரு ஃபைலின் கேஷ் குடிவந்திருந்தால், அந்த ஃபைல் கெட்டது. கார்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் பிரச்சினை நின்றது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் லினக்ஸை வைத்து. கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டிஎம்ஏ என்பது, சிபியூவைத் தொந்தரவு செய்யாமல் கார்டே நேராக மெமரியில் படித்து எழுதுவது. நடுவில் காவலாள் இல்லாவிட்டால் கார்டு எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஃபயர்வயர் போர்ட்டில் ஒரு ஐபாடைச் செருகியே கம்ப்யூட்டரின் மெமரியைப் படிக்கலாம் என்று 2004லேயே மேடையில் விளக்கிவிட்டார்கள். அந்தக் காவலாள்தான் ஐஓஎம்எம்யூ. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ, ஆர்மில் எஸ்எம்எம்யூ என்று பெயர். டிரைவர் ஒரு பஃபரை ‘மேப்’ செய்தால் கார்டுக்கு அந்தப் பக்கம் (பேஜ், மெமரியின் ஒரு துண்டு) மட்டும் தெரியும். ‘அன்மேப்’ செய்தால் மறையும். மறைய வேண்டும், அதாவது.

மறைவதில்தான் செலவே இருக்கிறது. ஐஓஎம்எம்யூ தான் பார்த்த முகவரிகளை ஐஓடிஎல்பி என்ற கேஷில் வைத்துக்கொள்கிறது. அன்மேப் செய்யும்போது அனுமதி டேபிளிலிருந்து எடுத்தால் போதாது, கேஷிலிருந்தும் அழிக்கச் சொல்லி, அழித்தாயிற்று என்று பதில் வரும்வரை சிபியூ காத்திருக்க வேண்டும். 10 கிகாபிட் லைனில் 1500 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு சுமார் 8 லட்சம். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 1.2 மைக்ரோ செகண்டுதான். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழிப்பு, ஒரு காத்திருப்பு என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இதற்குத்தான் மூன்று நிலைகள். ஸ்ட்ரிக்ட்: அன்மேப் ஆன உடனே அழி. லேசி: அழிக்க வேண்டியதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அழி. மூன்றாவது பாஸ்த்ரூ, அதாவது நான் போட்டிருந்த ‘பிடி’: ஹோஸ்ட்டின், அதாவது நிஜ மெஷினின், கார்டுகளுக்குக் காவலே கிடையாது. இதில் ஒரு குழப்பம் உண்டு. விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு கார்டைக் கொடுப்பதையும் பாஸ்த்ரூ என்றுதான் சொல்கிறோம். அப்படிக் கொடுத்த கார்டுக்கு ‘பிடி’ போட்டிருந்தாலும் ஐஓஎம்எம்யூ காவல் இருக்கும். காவல் போவது ஹோஸ்ட்டிலேயே இருக்கும் கார்டுகளுக்குத்தான். இது தெரியாமல்தான் நானும் போட்டேன்.

லேசி எவ்வளவு சோம்பேறி? கெர்னலில் ஒவ்வொரு சிபியூவுக்கும் 256 இடம் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அது நிரம்பினாலோ 10 மில்லி செகண்ட் ஆனாலோ மொத்தமாக அழிக்கும். அந்த இடைவெளியில் கார்டுக்குப் பழைய பக்கம் இன்னும் திறந்தே இருக்கும், கெர்னலோ அந்தப் பக்கத்தை அதற்குள் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன 8 லட்சம் வேகத்தில் 256 இடம் 0.3 மில்லி செகண்டில் நிரம்பிவிடும். மெஷின் சும்மா இருக்கும்போதுதான் கதவு முழு 10 மில்லி செகண்டும் திறந்திருக்கிறது. என் நெட்வொர்க் கார்டின் கோளாறை லேசி மோட் பிடித்திருக்குமா என்பது சந்தேகம். கார்டு தாமதமாக எழுதியது அந்த இடைவெளிக்குள்ளேயே என்றால் சத்தமில்லாமல் போயிருக்கும்.

சரி, உங்கள் மெஷின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? கெர்னல் லாகில் ‘ஐஓஎம்எம்யூ’ என்று தேடுங்கள். புதிய கெர்னல்களில் இரண்டு வரி தெளிவாக இருக்கும். ‘டீஃபால்ட் டொமைன் டைப்’ என்ற வரியில் ‘டிரான்ஸ்லேட்டட்’ என்று இருந்தால் காவல் உண்டு, ‘பாஸ்த்ரூ’ என்றால் இல்லை. அடுத்த வரியில் ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ அல்லது ‘லேசி மோட்’ என்று இருக்கும். விடி-டி பற்றியே ஒரு வரியும் இல்லையென்றால் பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம், அல்லது ‘இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன்’ தேவைப்படலாம். 5.15 கெர்னலிலிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி) லேசி, ஆர்மில் ஸ்ட்ரிக்ட். கெர்னலைக் கட்டியவர்கள் மாற்றியிருந்தால் வேறாக இருக்கும்.

இது மெஷின் முழுமைக்குமான விடை. நமக்கு வேண்டியது கார்டு வாரியான விடை. ‘/சிஸ்/கெர்னல்/ஐஓஎம்எம்யூ_குரூப்ஸ்’ கீழே ஒவ்வொரு குரூப்புக்கும் (ஐஓஎம்எம்யூ ஒன்றாகச் சேர்த்துக் காவல் காக்கும் டிவைஸ்கள்) ‘டைப்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் ‘டிஎம்ஏ’ என்றிருந்தால் ஸ்ட்ரிக்ட், ‘டிஎம்ஏ-எஃப்க்யூ’ என்றால் லேசி, ‘ஐடென்டிட்டி’ என்றால் பாஸ்த்ரூ.

ஒவ்வொரு டிவைஸையும் பார்த்து நான் கேட்பது ஒன்றுதான்: இதை வெளியாள் ஒருவர் கழற்றி வேறொன்றைச் செருக முடியுமா? தண்டர்போல்ட் போர்ட் என்றால் முடியும். அங்கே பேரமே இல்லை, ஸ்ட்ரிக்ட்தான். லினக்ஸே அதை நம்பத்தகாத டிவைஸ் என்று குறித்து ஸ்ட்ரிக்டில் வைக்கும், ஃபர்ம்வேர் அந்த போர்ட்டை வெளிப்புற போர்ட் என்று சொல்லியிருந்தால். தண்டர்போல்ட் டொமைனின் சிஸ் டைரக்டரியில் ‘ஐஓஎம்எம்யூ_டிஎம்ஏ_புரொடெக்ஷன்’ என்ற ஃபைலில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘கெர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன்’ என்ற வரி. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அது உண்டு.

பெட்டிக்குள் திருகி வைத்த என்விஎம்இ டிஸ்க்குக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் லேசி போதும் என்பது என் கருத்து. புது மாடல் கார்டு, புது டிரைவர் என்றால் மட்டும் முதல் ஒரு மாதம் ஸ்ட்ரிக்டில் ஓட்டுகிறேன். பாஸ்த்ரூவை இப்போது எங்கேயும் போடுவதில்லை.

ஸ்ட்ரிக்டைத் தளர்த்துவதற்கு முன் அளந்து பாருங்கள். லோடு ஓடும்போது, சிபியூ நேரத்தை எந்த ஃபங்ஷன் தின்கிறது என்று காட்டும் ‘பெர்ஃப் டாப்’ போட்டால், இன்டெல் மெஷினில் ‘க்யூஐ_சப்மிட்_சிங்க்’ என்ற ஃபங்ஷன் மேலே ஏறி நிற்கிறதா? அதுதான் அழிப்புக்குக் காத்திருக்கும் இடம். அது பட்டியலில் எங்கேயோ அடியில் கிடந்தால் உங்கள் மந்தத்துக்குக் காரணம் வேறு, ஐஓஎம்எம்யூவை விட்டுவிடுங்கள். மேலே நின்றாலும், டிரைவர் ‘பேஜ் பூல்’ பயன்படுத்துகிறதா என்று முதலில் பார்க்கலாம். பேஜ் பூலில் பக்கங்களை ஒரு தடவை மேப் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் வரும் பாக்கெட்டுகளுக்கு அழிப்பே பெரும்பாலும் தேவைப்படாது. டிரைவரைப் புதுப்பித்தே ஸ்ட்ரிக்டின் வலி பாதி குறைந்த மெஷின் என்னிடம் உண்டு.

ஸ்ட்ரிக்ட் போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. காவல் 4 கேபி பக்கம் பக்கமாகத்தான். 2 கேபி பஃபர் ஒன்றைக் கார்டுக்குத் திறந்தால், அதே பக்கத்தின் மீதி 2 கேபியில் கெர்னல் வைத்திருப்பதும் சேர்ந்தே திறக்கும். 2019இல் வந்த தண்டர்கிளாப் ஆய்வில், போலி நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செய்து, ஐஓஎம்எம்யூ ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மாதிரிப் பகிர்ந்த இடங்கள் வழியாக உள்ளே போய்க் காட்டினார்கள். வெளி டிவைஸ்களுக்கு லினக்ஸ் இப்போது தனிப் பக்கத்தில் காப்பி எடுத்துக் கொடுக்கிறது. காப்பிக்கு நேரம் ஆகும்தான். வெளியிலிருந்து செருகும் டிவைஸுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

அப்புறம் அமல்படுத்துவது. நான் பூட் வரியில் ‘ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1’ வைத்துவிட்டு, தேவையான கார்டின் குரூப்பில் மட்டும் ‘டைப்’ ஃபைலில் ‘டிஎம்ஏ-எஃப்க்யூ’ என்று எழுதுகிறேன். கார்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே எழுதலாம், டிரைவரைக் கழற்ற வேண்டாம். ஆனால் இந்தத் திசையில் மட்டும்தான். லேசியிலிருந்து ஸ்ட்ரிக்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் டிரைவரைக் கழற்றித்தான் மாற்ற முடியும். ரீபூட் ஆனால் எழுதியது போய்விடும், அதனால் பூட்டில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். குரூப் எண்ணை ஸ்கிரிப்ட்டில் நேராக எழுதாதீர்கள். ஒரு கார்டைக் கூடுதலாகச் செருகினாலே எண்கள் நகர்ந்துவிடும். நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பெயரில் தொடங்கி, அதன் டிவைஸ் டைரக்டரியில் இருக்கும் ‘ஐஓஎம்எம்யூ_குரூப்’ என்ற லிங்கைப் பிடித்துப் போங்கள். ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி, அந்த ‘டைப்’ ஃபைலைத் திரும்பப் படித்து லாகில் எழுதுகிறது. கெர்னல் அப்டேட் ஆன ஒவ்வொரு முறையும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.